பூஜைக்குத் தேய்த்த பட்டை

தாம்பரத்தில் மின்சார ரயில் வந்து நிற்கும்போது சக்கரங்களின் ஓரத்திலிருந்து ஒரு வாசனை எழும். கவனித்திருக்கிறீர்களா? சூடான இரும்பு, சுட்ட மண், கொஞ்சம் ரத்தம், மூன்றும் கலந்த மாதிரி. இறங்கி ஓடுகிறவர்கள் யாரும் அதை முகர்வதில்லை. எனக்கு மட்டும் கால் நின்றுவிடும். போன வாரம் அப்படித்தான் நின்றேன். பின்னால் வந்தவர் முதுகில் இடித்து, "பெர்சு, ஓரமா நில்லு" என்று சொல்லிவிட்டுப் போனார். ஓரமாக நின்றேன். மூக்கு மட்டும் வேங்கைவாசலுக்குப் போய்விட்டது, நம் பன் தயாரிக்கும் யூனிட்டின் ஓவன் வாசலுக்கு.

மெயின்டனன்ஸில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் ஐந்து பேரும், நான் விடைபெற்ற அன்று "ஏதாவது சொல்லிட்டுப் போங்க சார்" என்று கேட்டீர்கள். கழுத்தில் மாலையும் கையில் கேக்குமாக நின்றவனுக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. இந்த ஐம்பத்து நான்கு வயதில் முழங்கால் கொடுத்த ஓய்வில், இப்போது வருகிறது. எந்த போல்ட்டுக்கு எந்த ஸ்பானர், எந்த மோட்டாருக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கிரீஸ் என்பதெல்லாம் பலகையில் ஒட்டியிருக்கிறது. பலகையில் ஒட்டாத ஒன்றை எழுதுகிறேன். அது நான் செய்த தப்பு. அந்தத் தப்பை நிறுத்தியவர், அதற்காகவே வேலையை இழக்க இருந்தார்.

இப்போது நீங்கள் பார்க்கும் ஓவன் இல்லை அது. பழையது. பன் தட்டுகளைச் சங்கிலி சுமந்துகொண்டு மேல்தளத்தில் ஒரு சுற்று, கீழ்த்தளத்தில் ஒரு சுற்று என்று சூட்டுக்குள் ஊர்ந்து வெளியே வரும். சங்கிலி சறுக்கிப் போவதற்கு இரண்டு பக்கமும் நீளநீளமாக இரும்புப் பட்டைகள். அவற்றில் எண்ணெய் விட முடியாது. விட்டால் புகையும்; பன்னில் நாறும். ஆக, இரும்பின் மேல் இரும்பு, நாளெல்லாம் உலர்ந்தபடியே உரசிக்கொண்டிருந்தது. மேல்தளப் பட்டையிலிருந்து உதிர்வது கீழே வேகும் பன்னில் விழாமலிருக்க, அடியில் நீளமாக ஒரு தகரத் தட்டு.

அந்த ஓவனை ஓட்டியவரை யூனிட் முழுக்க 'ஓவன் அக்கா' என்றுதான் கூப்பிடும். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். நானும் அக்கா என்றே கூப்பிட்டேன். "எங்கயாச்சும் எழுதினா என் பேர மட்டும் போட்றாத சார், எங்க பிளாக்ல கலாய்ப்பாங்கோ" என்று முன்பே சொல்லி வைத்திருப்பதால் பெயர் இல்லை. நகரத்து ஆற்றோரக் குடிசைகளிலிருந்து அரசு அப்புறப்படுத்திப் பெரும்பாக்கம் குடியிருப்புக்கு அனுப்பியவர்களில் ஒருவர். வந்த புதிதில் பழைய வேலைக்கு இரண்டு பஸ் மாறிப் போய் வந்து, முடியாமல் விட்டு, ஒரு வருஷம் சும்மா இருந்தார். பிறகு கிடைத்தது இந்த ஓவன். ஷேர் ஆட்டோ தூரம். மகள் பள்ளிவிட்டு வரும் நேரத்துக்கு வீட்டில் இருக்கலாம். அவர் அந்த வேலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்ததும் அவர் செய்யும் முதல் காரியம், தகரத் தட்டை உருவி வெளிச்சத்துக்குக் கொண்டுபோவது. அதில் ஒரு சிட்டிகை அளவு பொடி இருக்கும். செம்பழுப்பு, செங்கல்லை இழைத்ததுபோல. இரண்டு விரலால் தேய்த்துப் பார்ப்பார். "செவப்பா கீது. ஓட்டு" என்பார். ஓட்டுவோம். என்ன சாத்திரம் இது என்று கேட்டேன். "தெரியாது சார். இப்டி கொட்னா அது பாட்டுக்கு ஓடும். நாலு வருசமா பாத்துகினு கீறேன்."

நான் டிப்ளமா படித்தவன். செம்பழுப்புப் பொடி என்றால் துரு. துரு என்றால் வியாதி. வியாதியை வைத்துக்கொண்டு சந்தோஷப்படும் ஆபரேட்டரைப் பார்த்து உள்ளுக்குள் சிரித்தேன்.

ஆயுதபூஜை வந்தது. நம் ஆட்களுக்குப் பூஜை என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். வருஷம் முழுக்க அழுக்காகக் கிடக்கும் மெஷின் அன்றைக்குக் கல்யாணப் பெண் மாதிரி மின்ன வேண்டும். டீசல் துணியும், துருவைச் சுரண்டும் எமரி பேப்பருமாக ஆளாளுக்கு ஒரு மூலை. நான் ஓவனை எடுத்துக்கொண்டேன். கதவைத் திறந்து பார்த்தால், பட்டைகள் கருப்பட்டி நிறத்தில் வழவழவென்று கிடந்தன. எனக்குக் கை பரபரத்தது.

அக்கா பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தவர், என் கையிலிருந்த எமரி பேப்பரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"சார், பொட்டு வைங்க, மாலை போடுங்க, இன்னா வேணா பண்ணுங்க. அந்தப் பட்டைய மட்டும் தேய்க்காதீங்க."

"துரு பிடிச்ச மெஷினுக்கா அக்கா பூஜை போடுவாங்க?"

"அது துரு இல்ல சார்."

"வேற என்ன?"

சொல்லத் தெரியவில்லை அவருக்கு. பூசணிக்காயை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். "எனுக்கு இன்னா தெரியும், நீங்க படிச்சவரு" என்று போய்விட்டார். அந்த வாக்கியத்தை யாராவது உங்களிடம் சொன்னால் உடனே கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள். நான் வைக்கவில்லை. பட்டைகளையும் தேய்த்தேன், சங்கிலியின் அடிப்பக்கத்தையும் தேய்த்தேன். சாயங்காலம் உள்ளே விளக்கைப் பிடித்தால் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. சந்தனம் வைத்தேன். செல்போனில் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். முப்பது பேர் கைதட்டினார்கள்.

விடுமுறை முடிந்து காலை ஏழு மணிக்கு ஓவனை ஓட்டினோம். கடைகளிலெல்லாம் பன் தீர்ந்திருந்தது, பள்ளிக்கூடங்களும் திறக்கும் நாள். முதல் சுற்றே முழு லோடு, முழு வேகம். அரை மணி நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. வழக்கமாக அந்தச் சங்கிலி ஒரு கிழவர் தனக்குத்தானே பேசிக்கொள்வதுபோல முணுமுணுக்கும். அன்றைக்குப் பல்லைக் கடித்தது.

"சார், ஓவன் அழுவுது" என்றார் அக்கா. "நிறுத்திட்டுத் தட்டைப் பாக்கலாம்."

"புதுசாத் தேய்ச்சிருக்கேன் இல்ல, கொஞ்ச நேரம் கத்தும். ஓட ஓட செட் ஆயிடும்."

"காலைல தட்டு பாக்கவே இல்ல சார்."

"பூஜைக்கு நானே துடைச்சு வச்சேன் அக்கா. அதுல என்ன இருக்கப் போகுது? ஓட்டுங்க."

முதல் லோடு வெளியே வந்தது. பொன்னிறம், நல்ல உப்பல். பிளாஸ்டிக் கிரேட்டுகளில் அடுக்கி வேனில் ஏற்றி அனுப்பினோம். முதலில் சோழிங்கநல்லூர் தாண்டி ஒரு நர்சரிப் பள்ளி, பிறகு கடற்கரைச் சாலையோடு கோவளம் வரை டீக்கடைகள். வேன் போய்ப் பத்து நிமிஷம்கூட இருக்காது. சத்தம் ஒரு கீச்சலாக உயர்ந்து, உடனே அறுந்ததுபோல நின்றது. அக்கா சங்கிலியை நிறுத்தும் சிவப்பு பட்டனை அடித்திருந்தார்.

சங்கிலி நின்றால் சூடு நிற்காது. உள்ளேயிருந்த பன் எல்லாம் கருக ஆரம்பித்தது. புகைக்கு நடுவில் அவர் தகரத் தட்டை உருவினார். கை சுட்டது, விடவில்லை. வெளிச்சத்தில் வைத்தார்.

சிவப்பு இல்லை. சிட்டிகையும் இல்லை. தட்டு முழுக்க வெள்ளையாக மினுமினுக்கும் செதில்கள், சின்னச் சின்னச் சுருள்கள். சில தட்டின் விளிம்பில் தொற்றிக்கொண்டிருந்தன. விளிம்பில் தொற்றியது இருந்தால், விளிம்பைத் தாண்டியதும் இருக்கும்.

புகை மணத்தில் புரொடக்‌ஷன் மேனேஜர் ஓடி வந்தார். நல்ல மனுஷர், கோபம் வந்தால் மட்டும் காது கேட்காது.

"யார் நிறுத்தினது? உள்ள இருக்கிற லோடு மொத்தமும் கரி! யாரைக் கேட்டு நிறுத்தின?"

"நான்தான் சார். தட்டைப் பாரு சார்."

"தட்டைப் பார்க்கவா உன்னை வச்சிருக்கு? பூஜை முடிஞ்ச முதல் நாளே இப்படியா? நாளையிலேர்ந்து வர வேணாம்."

தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை நான் வேகமாகத் தாண்டிப் போகலாம். போகமாட்டேன். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். என் வாயில் ஒரு வாக்கியம் இருந்தது. அதைச் சொல்ல அரை நிமிஷம் ஆயிற்று. அந்த அரை நிமிஷத்தில் எனக்கு என்னென்னவோ தோன்றியது: இது உற்பத்திக் கோளாறு என்று ஆகிவிடலாம், சங்கிலி பழசு என்று ஆகிவிடலாம், அக்காவுக்கு வேறு இடம் கிடைத்துவிடலாம். மனிதன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள எத்தனை வேகமாகக் கணக்குப் போடுகிறான்!

அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர வேணாம்னா வரல சார். அத்த அப்பால பேசிக்கலாம். மொதல்ல வண்டிய நிறுத்துங்க. காலைல போன பன்னும் இதே பட்டைக்குக் கீழதான் வெந்துச்சு. கொழந்தைங்க துன்ற பன்னு."

அப்போதுதான் என் வாய் திறந்தது. "சார், பட்டையைத் தேய்ச்சது நான். அவங்க வேணாம்னு சொன்னாங்க. காலையில நிறுத்தலாம்னும் சொன்னாங்க. ஓட்டச் சொன்னது நான்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், டிரைவருக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது யாரும் போன் எடுக்கக் கூடாது என்பது யூனிட் விதி. "நான் போட்ட ரூல்" என்றார் குரல் இறங்கி. பள்ளிக்கூடத்து நம்பருக்கு அடித்தார். அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. பள்ளியில் ஒன்பதரைக்கு இடைவேளை மணி; அடித்ததும் பன் கொடுத்துவிடுவார்கள்.

என் மேஜையில் பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்று கிடந்தது. அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு என் பைக்கைக் கிளப்பினேன். அக்கா கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். மேடவாக்கம் சந்திப்பில் பஸ்ஸுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் சிக்கி நின்றோம். ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன்.

"அடிச்சா மட்டும் லாரி பறந்துடுமா சார்? லெஃப்ட்ல சந்து கீது, வுடுங்க."

விட்டேன். பெரும்பாக்கத்து அடுக்குமாடிகள் வரிசையாகக் கடந்தன. முதுகுக்குப் பின்னால் இருந்து ஒரு கை நீண்டது. "அதோ, அஞ்சாவது மாடில பச்சப் பொடவ காயுது பாருங்க. அதான் நம்ம வூடு." அந்த நேரத்தில் ஏன் அதைக் காட்டினார் என்று அப்போது புரியவில்லை. வேலை போகப் போகிறவர் தன் வீட்டைக் கடக்கும்போது ஒரு தடவை தொட்டுக்கொண்டார் என்று இப்போது நினைக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் வேன் நின்றிருந்தது. டிரைவர் கிரேட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாக்கா, நீ இங்க?"

"உன் போன இன்னாத்துக்கு வச்சுகினு கீற?"

"மேனேஜர் ரூல்க்கா. வண்டி ஓட்டசொல்ல எடுக்கக் கூடாது."

உள்ளே தாழ்வாரத்தில் ஆயாம்மா எவர்சில்வர் தட்டுகளில் பன்னை அடுக்கிக்கொண்டிருந்தார். வழியெல்லாம் நான் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்திருந்தேன்: தரப் பரிசோதனை காரணமாகத் திரும்பப் பெறுகிறோம். அதைச் சொல்ல ஆரம்பித்தேன். ஆயாம்மா, "மிஸ் சொல்லாம நான் எதையும் திருப்பித் தர முடியாதுப்பா" என்றார்.

அக்கா என்னை ஒதுக்கிவிட்டு முன்னால் போனார். "பன்னுல இரும்பு கீதும்மா. யாருக்கும் குடுக்காதீங்க."

ஆயாம்மா கையிலிருந்த பன்னை அப்படியே போட்டுவிட்டார். அந்த ஒரு வரிக்கு முன்னால் என் தரப் பரிசோதனை எங்கே நிற்கும்? ஆபத்தைச் சொல்லும்போது அழகாகச் சொல்லாதீர்கள். கேட்பவருக்கு உடனே பயம் வர வேண்டும்.

எல்லாத் தட்டிலிருந்தும் பன் கிரேட்டுக்குத் திரும்பியது. ஒரு தட்டில் மட்டும் ஒரு பன் குறைந்தது. ஆயாம்மா முகம் வெளுத்தது. "காலையில சாப்பிடாம வந்துச்சுன்னு ஒரு பாப்பாவுக்குக் குடுத்தேன்."

எல்.கே.ஜி. வாசல் படியில் அந்தப் பாப்பா உட்கார்ந்திருந்தது. இரண்டு கையிலும் பன். ஓரத்தில் ஒரு கடி. நான் எட்டிப் பிடுங்கப் போனேன். அது பன்னை நெஞ்சோடு அணைத்து உதட்டைப் பிதுக்கியது. அக்கா என்னைத் தள்ளிவிட்டு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"பாப்பா, அந்த பன்னுக்குக் காச்சல்."

பாப்பா யோசித்தது. "காச்சலா?"

"ஆமா. தொட்டுப் பாரு, சுடுதா இல்லியா?"

இன்னும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. பாப்பா தலையாட்டியது.

"ஊசி போடணும். குடு, போட்டுட்டு வரேன்."

"ஊசி போட்டா அழுமா?"

"அழாது. சமத்து பன்னு. நீ ஆ காட்டு."

பாப்பா ஆ காட்டியது. வாய்க்குள் விரல் விட்டு, ஈறு, நாக்கு, கன்னத்துச் சந்து என்று எல்லாம் துழாவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. வெளியே வந்து, வேன் படியில் வைத்து அந்தப் பன்னைத் துகள் துகளாகப் பிய்த்தோம். காந்தத்தை மேலே ஓட்டினோம். அதில் எதுவும் இல்லை. அக்கா அப்படியே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். பக்கத்து கிரேட்டிலிருந்து எடுத்த மூன்றாவது பன்னில் காந்தத்தின் நுனியில் ஒரு சுருள் ஏறியது. ஈர்க்குச்சி முனை அளவு. அது அந்த வாய்க்குப் போயிருந்தால் என்று நான் இன்றுவரை முழுதாக நினைத்து முடித்ததில்லை.

இனி, அந்தச் செம்பழுப்பு என்ன என்று சொல்கிறேன். அன்றைக்கு அக்காவுக்குச் சொல்லத் தெரியாததும், எனக்குப் படித்தும் தெரியாததும்.

இரும்பு ஒருபோதும் வெறும் உடம்பாக இருப்பதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனை மெல்லிய படலமாக உடுத்திக்கொள்கிறது. சூட்டிலும் உரசலிலும் அந்த உடை கெட்டியாகிக் கருப்பட்டி நிறத்துக்கு வரும். இரண்டு இரும்பு உரசும்போது உண்மையில் தொட்டுக்கொள்வது அந்த இரண்டு உடைகளும்தான். தடிமன் கூடினால் மேலாகக் கொஞ்சம் பொடியாக உதிரும். உதிர்ந்த இடத்தில் காற்று மறுபடியும் நெய்யும். தட்டில் விழுந்த சிட்டிகைப் பொடி அந்தப் பழந்துணி. தேய்மானம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பல வருஷம் தாங்கும் தேய்மானம். நான் செய்தது, இரண்டு பக்கத்து உடையையும் உருவிவிட்டு, அடுத்த உடையை நெய்யக் காற்றுக்கு நேரமும் கொடுக்காமல், முழுச் சுமையோடு முழு வேகத்தில் மோதவிட்டது. வெறும் இரும்பும் வெறும் இரும்பும் அழுந்தினால் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைச் சங்கிலி இழுத்துப் பிரிக்கும்போது ஒன்று மற்றதன் சதையைப் பிய்த்துக்கொண்டு வரும். பிய்ந்த இடம் கரடு. கரடு மேலும் பிய்க்கும். காற்று நெய்வதற்குள் கிழிகிறது. அந்த வெள்ளை மினுமினுப்பு, ரணத்திலிருந்து வந்தது.

இதைப் படித்துவிட்டு எல்லாத் துருவையும் கும்பிடாதீர்கள். ஐப்பசி மழை ஒழுகி, நின்றுபோன சங்கிலியில் பொருக்குப் பொருக்காகப் பிடிக்குமே, அது வேறு ஜாதி. அது உடை இல்லை, சிரங்கு. அதைத் தேய்த்தே ஆக வேண்டும். எது எது என்று பலகை சொல்லாது. தினமும் தட்டை உருவிப் பார்க்கிறவர் சொல்வார். அவரைத் தேடிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

டீக்கடைகளுக்குப் போகவிருந்த கிரேட்டுகளோடு வேனையும் திருப்பிக்கொண்டு வந்தபோது மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டு, கீழே விரித்த பேப்பரில் உட்கார்ந்து, யூனிட்டில் மிச்சமிருந்த பன்னையெல்லாம் தானே பிய்த்துக்கொண்டிருந்தார். எங்கள் காந்தத்தை வாங்கிக்கொண்டார். மதியம்வரை எல்லோரும் பிய்த்தோம். பேப்பரின் ஓரத்தில் ஏழெட்டுச் சுருள்கள் சேர்ந்தன. பிறகு என்னிடம் கேட்டார்: "நாளைக்கு ஓவனை யார் ஸ்டார்ட் பண்றது?"

"நான் பண்ணக் கூடாது சார். அவங்கதான் பண்ணணும்."

அவர் அக்காவைப் பார்த்தார். மன்னிப்பு என்கிற சொல் அவர் வாயில் வராது. வேறு மாதிரி வந்தது. "எப்படிம்மா பண்ணலாம்?"

"புது தோசைக்கல்ல எடுத்தவுடனே ஊத்துவாங்களா சார்? பழக்கணும். பன் தட்டு ஏத்தாம, சும்மா சூட்டுல மெதுவா ஓட்டணும். செவப்பா கொட்ற வரைக்கும்."

"எத்தனை நாள்?"

"அது சொல்லும் சார்."

"சரி. நீ சொல்றபடி."

மூன்று நாள் ஆயிற்று. தோசைக்கல் உவமை முழுக்கச் சரியில்லை. அங்கே எண்ணெய் படிகிறது, இங்கே காற்று. ஆனால் பொறுமை ஒன்றுதான். பிய்ந்த கரடுகளை மட்டும் சாணைக்கல்லால் மெல்லத் தடவிவிட்டு, வெறும் சங்கிலியை ஆமை வேகத்தில் ஓட்டினோம். முதல் நாள் தட்டில் மினுக்கல் குறைந்தது. இரண்டாம் நாள் இரண்டும் கலந்தது. மூன்றாம் நாள் மாலை அக்கா தட்டை உருவி, இரண்டு விரலால் தேய்த்து, அந்த விரலை என் சட்டையில் துடைத்தார். செம்பழுப்பு. அந்தச் சட்டையை நான் ரொம்ப நாள் துவைக்கப் போடவில்லை.

அதெல்லாம் பிறகு. பன் பிய்த்த அன்று மாலை அக்காவைப் பெரும்பாக்கத்தில் இறக்கிவிட்டேன். பிளாக்குகளுக்கு நடுவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். அவர் இறங்கிச் சேலையில் ஒட்டிய மாவைத் தட்டினார். உள்ளங்கையில், தட்டைப் பிடித்த இடம் கொப்பளித்திருந்தது. நான் எஞ்சினை அணைக்கவும் இல்லை, வண்டியைக் கிளப்பவும் இல்லை.

"அக்கா, அவர் உங்களை வர வேணாம்னு சொன்னப்ப நான் வாயைத் திறக்காம நின்னேன்."

"பாத்தேன்."

"தட்டைத்தானே பார்த்துக்கிட்டு இருந்தீங்க?"

"தட்டும் பாத்தேன், உங்களயும் பாத்தேன்."

"திட்டிடுங்க அக்கா. எனக்கு வீட்டுக்குப் போக முடியல."

அவர் சிரித்தார். "அரை நிமிசம் தான சார் நின்னீங்க? ரிட்டையர் ஆவுற வரைக்கும் அப்டியே நிக்கிறவங்கள நான் பாத்துகீறேன்." ரெண்டு எட்டு நடந்தவர் திரும்பினார். "நாளைக்கு ஆறரைக்கே வந்துடுங்க. நான் ஓட்டறேன். நீங்க எதையும் தொடாம பக்கத்துல நில்லுங்க, போதும்."